மொச்சுவுக்குக் காப்பு

ஐயாக்கண்ணுவின் கையில் காப்புக் கட்டிய அன்று அவர் பெண்சாதி ராசாத்தி மூன்று பேரிடம் தலைவலி என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. நேருக்கு நேர் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிடுவோம் என்று பயம். பன்னிரண்டு வருஷமாக உள்ளே அமுக்கிவைத்திருந்த சிரிப்பு அது. ஒரே நாளில் வெளியே விட்டால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் எப்படியும் ஏதாவது சொல்லும். அது வேறு விஷயம்.

ஏற்காட்டு மலை ஊரான செம்மநத்தத்தில் மாரியம்மன் பண்டிகை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில். கரகம் எடுக்கிற உரிமை நான்கு பங்காளி வீடுகளுக்கு, முறை வைத்து. ஆக ஒரு வீட்டுக்கு முறை திரும்பி வரப் பன்னிரண்டு வருஷம் ஆகும். போன முறை ஐயாக்கண்ணுவின் வீட்டுக்குத்தான் வந்தது. வந்து என்ன? காப்புக் கட்ட நான்கு நாள் இருக்கும்போது, காப்பித் தோட்டத்தில் நிழல் மரக் கிளையைக் கழிக்கிறேன் பேர்வழி என்று சில்வர் ஓக் மரத்தில் ஏறி, கிளையோடு தானும் இறங்கினார். காலில் ராடு வைத்தார்கள். கரகத்தை அவர் சித்தப்பா மகன் சித்தன் எடுத்தான்.

எடுத்தான், சரி. எடுத்ததோடு விட்டானா? கரகத்தோடு நிற்கிற போட்டோவைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, பஸ் நிற்கிற பக்கமாகப் பார்க்கும்படி மாட்டினான். அன்றிலிருந்து ஒரு விறகுக் கட்டைத் தலையில் வைத்தது கிடையாது. "கரகம் வெச்ச தலைங்க இது, கண்டதையெல்லாம் ஏத்தப்படாது" என்பான். அவன் பெண்சாதி சுமந்து சுமந்து கழுத்து குறுகியதுதான் மிச்சம். இதையெல்லாம் பன்னிரண்டு வருஷமாக எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் ராசாத்தி. இந்த முறையை விட்டால் அடுத்தது வருவதற்குள் ஐயாக்கண்ணுவுக்கு எழுபது வயது. அந்தக் காலை வைத்துக்கொண்டு எழுபதில் யார் கரகம் எடுப்பது? எடுத்தால் இந்த வருஷம், இல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

அதனால் காப்புக் கட்டிய நாளிலிருந்து ராசாத்தி வீட்டைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொண்டாள். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லைக்குள் கத்தி படக் கூடாது என்பது வழக்கம். கோழி அறுப்பதில்லை, பச்சை மரம் வெட்டுவதில்லை, தாளிப்பதுகூட இல்லை. எல்லோரும் அரிவாள்மனையை எடுத்துப் பரணில் போட்டார்கள் என்றால், இவள் வீட்டில் மகள் நகம் வெட்டுகிற கட்டரையும் சேர்த்துப் போட்டாள்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுஜாதாவுக்கு இருபத்தி நான்கு. சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேஜையில் வேலை. ஏழு மணி பஸ்ஸில் போய் இருட்டும்போது வருவாள். வந்ததும் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பரண் ஏறுவாள். கேட்டால் "வேலைம்மா" என்பாள். கல்யாணத்துக்கு ஜாதகம் எடுக்கலாமா என்று கேட்டாலும் "வேலைம்மா" என்பாள். பக்கத்து வீட்டு அமுதவல்லி, பரணில் விளக்கு எரிகிற நேரத்தை வைத்தே மூன்று காதலர்களைக் கற்பனை செய்திருந்தாள். ஒருவன் மதுரைக்காரன். அந்த மட்டும் அவளுக்கு விவரம்.

பரணில் இருந்தது மொச்சு.

மொச்சு என்பது ஒரு வீடியோ கேம். அயல்நாட்டுக் கம்பெனி செய்தது. பஞ்சு மூட்டைக்குக் கண் வைத்த மாதிரி உருண்டையாக ஒரு பிராணி. முயலா பன்றியா என்று செய்தவனுக்கே சந்தேகம் இருக்கலாம். பதினோரு பாகம் வந்தாயிற்று. பதினோரு பாகத்திலும் அதற்கு ஒரே வேலை: தோட்டத்தில் பழம் பறித்து அக்கம்பக்கத்தார் கேட்கக் கேட்கக் கொண்டுபோய்க் கொடுப்பது. கோழியம்மா கூடை நிறைய வேண்டும் என்பாள். கரடி மாமா இன்னும் இனிப்பாக இல்லையா என்பார். மொச்சு எல்லோரையும் கும்பிட்டுச் சிரிக்கும். இல்லை, முடியாது என்ற சொல்லே அதற்கு வராது. தாய் தகப்பன் பிள்ளையோடு உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். சுஜாதாவுக்கும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதன்மேல் உயிர்.

அப்படி உயிராக இருந்தவள்தான், ஏழு மாதம் பரணில் உட்கார்ந்து, பேர் போடாமல், ஒரு பைசா வாங்காமல் இன்னொரு மொச்சுவைச் செய்து இணையத்தில் விட்டிருந்தாள். 'மொச்சு கவாத்து' என்று பேர். கவாத்து என்றால் காப்பிச் செடியைக் கழித்துவிடுகிற வேலை. ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காடு. இதிலும் கோழியம்மா கூடை கேட்கிறாள். மொச்சு சிரிக்கிறது. இரண்டாவது கூடை, மூன்றாவது கூடை. மொச்சு சிரிக்கிறது. ஏழாவது கூடை கேட்கும்போது சிரிப்பு அப்படியே இருக்க, கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய்க் கவாத்துக் கத்தியை உருவுகிறது. அதற்கப்புறம் நடப்பதை விவரமாக எழுதினால் காப்புக் கட்டியவர்கள் யாரும் படிக்க முடியாது. இறகு ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், திரையில் ஒழுகுகிற சிவப்பு ஒரு பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதை இரண்டு மாதத்தில் லட்சக்கணக்கான பேர் ஆடியிருந்தார்கள். சென்னையில் ஒரு பையன் ஆடிக் காட்டிக் கத்திய கத்தலைப் பார்க்கவே தனிக் கூட்டம். செய்தது யார் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். செம்மநத்தத்தில் மட்டும் தேடவேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

காப்புக் கட்டி நான்காம் நாள் சாயங்காலம். கோயில் முன்னால் பெண்கள் கும்மிக்குக் கூடியிருந்தார்கள். மைக்செட்டு பொறுப்பு சித்தனின் மகன் அருண்குமாருக்கு. அவன் தன் போனை மைக்செட்டோடு இணைத்து அம்மன் பாட்டு ஓடவிட்டிருந்தான். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வரவில்லை. மரத்து மேல் கட்டியிருந்த நான்கு குழாயிலும் திடீரென்று ஒரு குரல் வெடித்தது.

"ஹேஏஏய்ய்... அக்கட்டால போ சாமீய்ய்ய்!"

ஊருக்கே தெரிந்த குரல். காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்கினால் ஐயாக்கண்ணு போடுகிற சத்தம். காட்டெருமையைச் சாமி என்றுதான் அவர் கூப்பிடுவார். மரியாதையாகச் சொன்னால் மரியாதையாகப் போய்விடும் என்று நம்பிக்கை. அந்தச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று செம்மநத்தத்தில் யாரும் யோசிப்பதில்லை. கும்மிப் பெண்கள் சிதறினார்கள். தகர டின், டார்ச் லைட், தட்டு, கரண்டி, கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரே மேட்டுத் தோட்டத்துக்கு ஓடியது. ஊர்க்கவுண்டர் சின்னத்தம்பி அறுபத்தைந்து வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடினார். மேட்டுக்குப் போய்ப் பார்த்தால் காட்டெருமை இல்லை. மூடுபனிதான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் டின் தட்டி விரட்டிவிட்டு நின்றார்கள்.

மைக்செட்டுப் பையனை விட்டால், ஓடாமல் கோயில் முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐயாக்கண்ணு. ஈரத் துண்டோடு நின்ற அவருக்குத் தான் வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. இன்னொருத்தி ராசாத்தி. குழாயில் அந்தக் குரலுக்குப் பின்னால் 'சதக்' என்று ஒரு சத்தமும், ஒரு கோழி பெண்குரலில் அலறுவதும் அவள் காதில் விழுந்தது. அருண்குமார் போனை மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங் பெரியம்மா, வெளம்பரம்" என்றான்.

"வெளம்பரத்துக்கு உங்க பெரியப்பன் எதுக்குடா கத்தறாரு?"

அதற்குள் சித்தன் மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டான். மகன் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ராசாத்தி பரணுக்கு ஏணி போட்டாள். புருஷன் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அந்த வீட்டில் வேறு ஆள் ஏது? ஐம்பது வயதில் ஏணி ஏறுகிறவள் சும்மா ஏறமாட்டாள்.

"காட்டு" என்றாள்.

சுஜாதா காட்டினாள். வேறு வழி இல்லை. ராசாத்தி முதல் காட்டில் கோழி ஏழாவது கூடை கேட்கும்வரை பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

"இந்தக் கொலகாரப் பண்டத்துக்கு உங்கப்பன் கொரல எப்படிப் போட்ட?"

"தை மாசம் தண்ணித் தொட்டிகிட்ட நின்னு கத்தச் சொல்லிப் போன்ல புடிச்சன். எதுக்குன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல."

கீழே பாயில் உட்கார்ந்திருந்த ஐயாக்கண்ணு தலையை நிமிர்த்தினார். "ஏங் கண்ணு, என்ற கொரலு மெட்ராஸ் வரைக்கும் போயிருக்குதா?"

"பிரேசில் வரைக்கும் போயிருக்குதுங்கப்பா. அங்க பசங்க அக்கட்டால போ சாமின்னு பனியன்ல அடிச்சிருக்காங்க."

"பாரேன்" என்றார் ஐயாக்கண்ணு. அதில் வருத்தம் ஒரு சொட்டும் இல்லை. ராசாத்திக்கு ஏணியிலிருந்தே குதித்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. பண்டிகைக்கு மூன்று நாள் லீவு வாங்கியிருந்த சுஜாதாவும் வந்து நின்றாள். சித்தன் புது வேட்டி கட்டி வந்திருந்தான். பஞ்சாயத்துக்குப் புது வேட்டி எதற்கு என்று அமுதவல்லி எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஏனுங்க கவுண்டரே, எங்கண்ணன் மேல பொறாமைல சொல்றன்னு ஆரும் நெனைக்கப்படாது" என்று சித்தன் ஆரம்பித்தான். அப்படி நினைக்காதவர்கள் அங்கே யாரும் இல்லை. "காப்புக் கட்டுனா எல்லைக்குள்ள கத்தி படக் கூடாது. இங்க கரகம் எடுக்கற ஆளோட கொரலே கத்துது, அடுத்த நிமிசம் கோழித் தலை உருளுது. கொரலு ஆருது? அண்ணனுது. அப்ப ரத்தம் ஆரு கணக்குல? ஆத்தா கேக்க மாட்டாளா?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். சாமி காரியத்தில் ஒருவன் சந்தேகம் கிளப்பிவிட்டால் போதும். இல்லை என்று நிரூபிக்க யாராலும் முடியாது. ஐயாக்கண்ணு "எனக்குத் தெரியாது, புள்ள ஏமாத்திப் போட்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். ராசாத்தி ராத்திரியே சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போதும் கண்ணால் சாடை காட்டினாள்.

ஐயாக்கண்ணு எழுந்தார். "கொரலு என்றதுதானுங். புள்ள கேட்டுது, கத்துனன். இன்னொருக்காக் கேட்டாலும் கத்துவன்" என்றார். உட்கார்ந்துகொண்டார்.

ராசாத்தி தலையில் கை வைத்தாள். சித்தனுக்கு உற்சாகம் தாளவில்லை. "கேட்டீங்களா! கோழியோட போச்சா? நாலாவது காட்டுல அந்தக் கரடி மாமனுக்கு நடக்கறதச் சொன்னா நாக்குக் கூசுமுங்க. கொடலு ஒரு பக்கம், போட்டிருந்த மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம்..."

"கரடி மூக்குக்கண்ணாடி போட்டிருக்குதுங்களா கொழுந்தனாரே?" என்று கேட்டாள் ராசாத்தி.

"ஆமாங்கண்ணி. தங்கக் கலர் பிரேமு."

"நான் மொதக் காட்டோட கண்ண மூடிட்டன். நாலாவதுக்கு எப்படிங்க போறது?"

"அது லேசுல முடியாதுங்கண்ணி. மொத மூணு காட்டுல ஒருத்தர் பாக்கியில்லாம வெட்டி முடிச்சாத்தான் நாலாவது..." சித்தனின் வாய் அங்கேயே நின்றது. திறந்தபடியே நின்றது.

"முடிச்சீங்களா?"

சித்தன் தன் வேட்டிக் கரையைப் பார்த்தான்.

"எப்ப முடிச்சீங்க? நேத்து சாயங்காலந்தான உங்க பையன் கையில அதப் பாத்தீங்க?"

"...ராத்திரிக்கு."

"காப்புக் கட்டி அஞ்சு நாளாச்சுங்களே."

கூட்டத்தில் முதலில் யாரோ தும்மினார்கள். அது தும்மல் இல்லை, சிரிப்பு. ஊர்க்கவுண்டர் கையை உயர்த்தினார். "நேத்து ராத்திரி இத வேற ஆரெல்லாம் ஆடியிருக்கீங்க? ஆத்தா முன்னால பொய் சொல்லப்படாது."

அருண்குமார் கை தூக்கினான். மேளக்காரர் தூக்கினார். பூசாரியின் மருமகன் தூக்கினான். பத்து, பதினைந்து என்று ஏறிக்கொண்டே போனது. பால்குடம் எடுக்கிற பெண்களில் நான்கு பேர். அமுதவல்லி, "எங்கூட்டுக்காரரு கை சுத்தமுங்க" என்றாள். அவருக்குப் பட்டன் போன்.

கடைசியில் எல்லோரும் ஊர்க்கவுண்டரையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "நான் ரெண்டாவது காட்டோட உட்டுப்போட்டன்" என்றார். "கண்ணு சரியாத் தெரியல."

நிலைமை வேடிக்கையாக இருந்தாலும் சிரிக்கிற மாதிரி இல்லை. சித்தன் சொன்ன நியாயம் அப்படியே நிற்கிறது. ஐயாக்கண்ணு மேல் மட்டும் இல்லாமல் ஊர் முழுக்கப் பரவி நிற்கிறது. யார் கரகம் எடுப்பது, யார் மேளம் அடிப்பது? பண்டிகையையே நிறுத்த வேண்டியதுதான். ஊர்க்கவுண்டர் பூசாரியோடு கொஞ்ச நேரம் குசுகுசுத்துவிட்டு வந்தார்.

"ஆடுனவங்க எல்லாரும் மஞ்சத்தண்ணி ஊத்திக்கோங்க. அது ஆச்சு. இனி அந்த ஆட்டம். ஏம் புள்ள, அத எங்க வெச்சுச் செஞ்ச?"

"எங்கூட்டுப் பரணுலைங்க தாத்தா."

"அப்ப நம்ம எல்லைக்குள்ள பொறந்தது. எல்லைக்குள்ள பொறந்த ஆடு மாட்டுக்கே காப்பு உண்டு. அதுக்கும் உண்டு. நாளைக்குக் கோயில்ல வெளக்கு வெக்கறதுக்குள்ள அந்தப் பண்டம் கத்தியக் கீழ வெக்கோணும். வெச்சா ஐயாக்கண்ணு கரகம் எடுக்கட்டும். வெக்கலீன்னா இந்த வருசம் கரகமே கெடையாது."

ராசாத்தி கோயிலைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டாள். கத்தியை எடுக்கச் சொன்னால் மகள் எடுத்துவிடுவாள், வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

"மாட்டன்" என்றாள் சுஜாதா வீட்டுக்கு வந்ததும்.

"என்ன மாட்ட?"

"கத்திய எடுத்துட்டா என்னம்மா மிச்சம்? கும்புட்டுச் சிரிக்கற பழைய மொச்சுதான் மிச்சம். அது செய்யறதுக்குத்தான் அந்தக் கம்பெனி இருக்குதே. நான் எதுக்கு?"

"உங்கப்பன் பன்னண்டு வருசமாக் காத்துக் கெடக்கறாரு. ஒரு பொம்மைக்கு நாலு நாள் கத்தி இல்லீன்னா செத்தா போயிரும்?"

சுஜாதா லேப்டாப் மூடியைத் திறந்து மூடினாள். அப்புறம் சொன்னாள். "போன வாரம் ஒரு குடும்பம் வந்துச்சு. ரூமுல இருந்து பள்ளத்தாக்குத் தெரியலீன்னு சண்டை. பனி மூடியிருக்குது, நான் என்ன பண்ண? பனிக்காக மன்னிப்புக் கேட்டன்மா. கும்புட்டு, சிரிச்சுட்டு, பனிக்கு மன்னிப்பு. மறுநாள் குரங்கு அவங்க சிப்ஸப் புடுங்கிருச்சு. குரங்குக்கும் மன்னிப்பு. சிரிப்பு கொறைஞ்சா மேனேஜர் கேமராவுல பாத்துட்டு போன் பண்ணுவாரு. சுஜாதா, ஸ்மைல்ம்பாரு."

ராசாத்திக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. தினமும் மகள் பஸ்ஸை விட்டு இறங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். இறங்கி, பாதி வழி வரும்வரைக்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சிரிப்பு கழற்ற மறந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். யாரைப் பார்த்தும் இல்லை. வேலிப் பக்கம் வந்ததும்தான் விழும். சந்தோஷமாக வேலைக்குப் போய்வருகிறாள் என்று அமுதவல்லியிடம் பெருமை வேறு அடித்திருந்தாள்.

மகளை இனி வற்புறுத்த மனசில்லை. புருஷனை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. இரண்டும் இல்லாமல் போகவே கோபம் குடத்தின்மேல் திரும்பியது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் இடித்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? அஞ்சு நாளா உங்கப்பன ஒரு கொடம் தண்ணி எடுத்தாங்கன்னு சொல்ல முடியல. காப்புக் கட்டுனவன ஆரும் வேல ஏவப்படாதாம். விறகு பொளக்கச் சொல்லப்படாது, எல்லையத் தாண்டிக் கடைக்குப் போகச் சொல்லப்படாது. ஊர்க்கவுண்டரே வந்தாலும் எட்ட நின்னு பேசிட்டுப் போறாரு. ராசா மாதிரி உக்காந்திருக்கறாரு பாரு!"

ஐயாக்கண்ணு ராஜா மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். நல்லா இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

சுஜாதா அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். "அம்மா, திருப்பிச் சொல்லு" என்றாள்.

"என்னத்த?"

"ஆரும் வேல ஏவப்படாதுங்கறத."

அன்று சாயங்காலமும் மறுநாள் பகலும் அவள் பரணைவிட்டு இறங்கவில்லை. ராசாத்தி உப்புமாவை ஏணிமேலேயே ஏற்றினாள். தாளிக்காத உப்புமா, அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. மூன்றேகாலுக்கு மலைப்பாதையில் மரம் விழுந்து கரண்ட் போனது. அதோடு டவரும் போனது.

செம்மநத்தத்தில் டவர் போனால் தண்ணித் தொட்டிப் படியில் மட்டும் பக்கத்து ஊர் வாழவந்தியின் சிக்னல் கொஞ்சம் எட்டும். சுஜாதா லேப்டாப்பைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே ராசாத்தி. தூறல் பிடித்துக்கொண்டது. தொட்டிப் படியில் போய் உட்கார்ந்தால், அங்கே ஒரு பெரிய எஸ்டேட் குடையோடு சித்தன் நிற்கிறான்.

"தடுக்க வந்தீங்களா?" என்று ராசாத்தி இடுப்பில் கை வைத்தாள்.

"அட நீங்க வேற அண்ணி. கரகம் நின்னா ஊரு என்னத்தான் வையும்? நேத்திலருந்தே வையறாங்க. எங்கூட்டுக்காரி சோறு போடல." அவன் குடையை லேப்டாப்புக்குப் பிடித்தான். மழை முழுக்க அவன் தலையில் விழுந்தது, கரகம் வைத்த தலை என்று பார்க்காமல்.

மாற்றிய ஆட்டம் இணையத்தில் பாதி ஏறியது. நின்றது. திரும்ப ஏறியது. லேப்டாப்பில் சார்ஜ் பதினொன்று என்று காட்டியது, அப்புறம் ஒன்பது. ராசாத்தி எண்களைப் பார்க்கப் பயந்து கோயில் பக்கம் பார்த்தாள். பூசாரி திரி திரித்துக்கொண்டிருப்பார். சித்தன் குரலைத் தாழ்த்தி, "ஏங் கண்ணு, அஞ்சாவது காட்டுல அந்த வாத்து நம்மளப் பாத்துருச்சுன்னா எப்படித் தப்பிக்கறது?" என்றான்.

"சித்தப்பா!"

"இப்ப இல்ல சாமி. பண்டிகை முடிஞ்சு."

சார்ஜ் நான்கில் நிற்கும்போது ஏறி முடிந்தது. சித்தன் கொண்டுவந்திருந்த மகனின் போனிலும் அதை அங்கேயே இறக்கிக்கொண்டார்கள். மூன்று பேரும் படியில் வழுக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். பூசாரி எண்ணெய் ஊற்றிவிட்டு, தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊர்க்கவுண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருண்குமாரின் போனை வாங்கினார். கொஞ்சம் அதிகப்படியான பழக்கத்தோடு கத்திப் பொத்தானை அமுக்கினார்.

மொச்சு கத்தியை எடுக்கவில்லை. கையைத் தூக்கி, மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டியது. கோழியம்மா கூடையோடு வந்தாள். கயிற்றைப் பார்த்தாள். கூடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போய்விட்டாள். கரடி மாமா வேலி ஓரமாகவே நின்று திரும்பினார். மொச்சு தன் தோட்டத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தது. கும்பிடவில்லை, சிரிக்கவும் இல்லை. காலை நீட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அவ்வளவுதான்.

"கும்புடு போடலியே" என்றார் ஊர்க்கவுண்டர்.

"காப்புக் கட்டுனவங்க ஆரையும் கும்புட வேண்டியதில்லைங்க தாத்தா. மத்தவங்கதான் அவங்களக் கும்புடோணும்."

ஊர்க்கவுண்டர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி யோசித்துவிட்டு, "முறைதானுங்" என்றார். தீக்குச்சியை உரசினார்.

அன்று ராத்திரி டவர் திரும்பியதும் உலகத்தில் எங்கெங்கோ இருந்து திட்டு வந்தது. கத்தி எங்கே என்று கேட்டு எத்தனையோ பாஷையில் எழுதியிருந்தார்கள். கம்பெனிக்காரன் மிரட்டிவிட்டான் என்று சிலர் துக்கம் கொண்டாடினார்கள். சென்னைப் பையன் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆட ஆரம்பித்து, பொத்தானையெல்லாம் அமுக்கிப் பார்த்து, கூச்சல் போட்டு, கடைசியில் சும்மா உட்கார்ந்துவிட்டான். முக்கால் மணி நேரம் மொச்சு வானத்தைப் பார்க்க, அவன் மொச்சுவைப் பார்க்க, மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். "நல்லாத்தான்டா இருக்கு" என்றானாம். அருண்குமார் வந்து சொன்னது.

மறுநாள் ஐயாக்கண்ணு கரகம் எடுத்தார்.

எப்படி எடுத்தார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. ராடு வைத்த கால் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் இழுத்தது. மேளக்காரர் அந்த இழுப்புக்கே தாளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கரகம் அசைந்து பூ உதிர்ந்ததே தவிர, சாயவில்லை. ஏற்றத்தில் சித்தன் பக்கத்திலேயே நடந்தான், தொடாமல், தொட்டுவிடுகிற தூரத்தில். வாசலில் கரகம் வந்து நின்றபோது ராசாத்தி அவர் காலில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு குடம் போதும். அவள் மூன்று குடம் ஊற்றினாள், பன்னிரண்டு வருஷத்தை அலசுகிற மாதிரி. அமுதவல்லி, "ஏனக்கா, அழுவறியா?" என்று குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெறித்தது என்று ராசாத்தி சொன்னாள்.

ஊரைச் சுற்றி வருகிற மூன்று சுற்றும் முடிந்து கரகத்தை இறக்கியபின் ஐயாக்கண்ணு கோயில் மதிலோரம் சாய்ந்து உட்கார்ந்தார். சுஜாதா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "ஏங் கண்ணு, அந்தச் சீவனுக்குக் கத்திய எப்பத் திருப்பிக் குடுப்ப?" என்றார்.

"நாளைக்குக் காப்பு அவுத்ததுமுங்கப்பா. சித்தப்பா வேற கேட்டுட்டே இருக்கறாரு."

"குடு, குடு. வேண்டாங்கல. ஆனா ஒடனே குடுத்தராத. இன்னும் ரெண்டு நாள் சும்மா உக்காந்திருக்கட்டும், பாவம்."

பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த ராசாத்தி திரும்பினாள். மகள் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை. தூக்கம் இருந்தது, கரி இருந்தது, மோர்த்துளி ஒன்று இருந்தது. நாளைக்கு ஏழு மணி பஸ்.

"உன்ற மேனேஜருக்குப் போன் போடு" என்றாள். "நீயும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

"இன்னும் லீவு குடுக்க மாட்டாரும்மா. சீசன்."

"கேக்கச் சொல்லல. சொல்லச் சொன்னன்."

சுஜாதா கொஞ்சம் தள்ளிப் போய் நின்று போன் போட்டாள். மறுமுனையில் என்ன காரணம் என்று கேட்டிருக்க வேண்டும். "காப்புக் கட்டியிருக்குங்க சார்" என்றாள். குரலில் குழைவு இல்லை, மன்னிப்பும் இல்லை. "ஆமாங்க சார். எல்லையத் தாண்டக் கூடாதுங்க. புதன்கிழமை வர்றேன்."

அமுதவல்லி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏனக்கா, காப்பு அவங்கப்பனுக்குத்தான கட்டுனாங்க? இவ கையில ஒண்ணும் காணமே."

"உன்ற பொங்கப் பானை அடிப்புடிக்குது, போய் அதப் பாரு" என்றாள் ராசாத்தி.